ஈற்றுச் சிக்கல்: எப்போது பொறுப்பது, எப்போது கை வைப்பது?

கேள்வி: எங்கள் கிடாரி ஒன்றுக்கு முன்னிரவில் நீர்க்குடம் உடைந்து இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. தலையீற்று என்பதால் நேரம் எடுக்கும், தானாக ஈன்றுவிடும் என்று எண்ணி விடியும் வரை காத்திருந்தோம். பிறகு நான்கு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தும் கன்று நகரவில்லை. கால்நடை மருத்துவர் வந்து, கன்றின் தலை பக்கவாட்டில் மடங்கியிருப்பதைக் கண்டு நேராக்கி எடுத்தார், கன்று இறந்திருந்தது. தாய் மூன்று நாள் எழவே இல்லை, இப்போது நடக்கிறது. கொட்டிலில் இன்னொரு கிடாரி ஏழு மாதச் சினையாக இருக்கிறது. எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எப்போது நாங்களே கையை விட்டுப் பார்க்கலாம்? வலி எடுக்க ஊசி போட்டால் ஈற்று எளிதாகுமா? கன்றை இழந்த மாட்டை மீண்டும் சினைப்படுத்தலாமா?

பதில்: அன்புடையீர், அன்றிரவு நடந்தவற்றை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எங்கே வாய்ப்பு தவறியது என்பதை என்னால் தெளிவாகச் சொல்ல முடிகிறது. குளம்புகள் தெரிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் கையை நன்றாகக் கழுவி உள்ளே விட்டுப் பார்த்திருந்தால், கால்களோடு தலை வரவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். மருத்துவரும் அந்த இரவிலேயே வந்திருப்பார். விடியற்காலையில் நீங்கள் நால்வரும் இழுத்த விசை கன்றின் தோள்களை இடுப்பெலும்பு வளையத்துக்குள் இன்னும் இறுக்கி, மடங்கிய கழுத்தை மேலும் பின்னுக்குத் தள்ளியிருக்கும். பார்க்காமல் பொறுப்பதும் பார்க்காமல் இழுப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே உங்கள் கேள்விகளில் நேரத்தைப் பற்றியதற்கே முதலில் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

ஈற்றின் முதல் கட்டத்தில் கருப்பை வாய் மெல்லத் திறக்கிறது. வால் அடியின் இருபுறமும் தசைநார்கள் தளர்ந்து குழி விழும். மடி பருத்துக் காம்புகள் விறைக்கும். மாடு தீவனத்தை விட்டு விலகி, படுப்பதும் எழுவதுமாக, வாலைத் தூக்கியபடி நிலையில்லாமல் இருக்கும். பல முறை ஈன்ற மாட்டில் இது 2 முதல் 6 மணி நேரம் வரையிலும், கிடாரியில் 12 மணி நேரம் வரையிலும் நீடிக்கலாம். இந்தக் கட்டத்தில் மாட்டுக்குத் தேவை அமைதி மட்டுமே. ஆட்கள் சூழ்ந்து நின்று சத்தம் போட்டால், அதிலும் கிடாரியாக இருந்தால், அச்சத்தில் வலி நின்று ஈற்று தள்ளிப்போகும். எனவே ஒருவர் மட்டும் தொலைவில் இருந்து அவ்வப்போது கவனித்தால் போதும்.

இரண்டாம் கட்டம் முக்கலோடு தொடங்குகிறது. முதலில் வரும் நீர்க்குடத்தில் மஞ்சள் கலந்த நீர்த்த திரவம் இருக்கும். அதன் பின் வரும் பனிக்குடத்தில் வழுவழுப்பான, வெளிறிய திரவத்தோடு குளம்புகள் தெரியும். இங்கிருந்துதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நீர்க்குடம் தெரிந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதற்றமான இரவில் அரை மணி நேரம் என்று நாம் நினைப்பது பல வேளைகளில் இரண்டு மணி நேரமாக இருக்கிறது. ஈன்று பழகிய மாடு விடாமல் முக்கியும் அரை மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், கிடாரியானால் ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், உள்ளே பார்க்க வேண்டும். நீர்க்குடம் தெரிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் கன்று வெளியே வரவில்லையென்றால் எந்த மாடாக இருந்தாலும் மருத்துவரை அழைத்தாக வேண்டும். முன்னேற்றம் என்று நான் சொல்வது ஒவ்வொரு முக்கலிலும் கன்று சிறிதளவாவது வெளியே வருவதைத்தான். குளம்பு வெளியே வந்து, முக்கல் நின்றதும் அதே அளவு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அது முன்னேற்றம் ஆகாது. கன்று வருவதற்கு முன்பே துர்நாற்றமோ கருஞ்சிவப்பான ஒழுக்கோ கண்டால் இந்த நேரக் கணக்கு எதுவும் பொருந்தாது. அப்போதே தொலைபேசியை எடுங்கள்.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை சத்தம் இல்லாமல் வரும் சிக்கல்கள். கன்று பின்புறமாகத் திரும்பி, பின்னங்கால்கள் இரண்டையும் தன் வயிற்றுக்கடியில் மடக்கி, வாலை மட்டும் பாதைக்குக் காட்டியபடி இருந்தால், பிறப்புப் பாதைக்குள் எதுவும் நுழையாது; எனவே மாடு பலமாக முக்காது, நீர்க்குடம் கூட வெளியே வராமல் போகலாம். கருப்பை திருகிக்கொண்டாலும் இதே நிலைதான். எருமைகளில் அடிக்கடி காணப்படும் இந்தச் சிக்கலில், உள்ளே விட்ட கைக்குப் பிறப்புப் பாதையின் சுவர் பிழிந்த துணியைப் போல மடிப்பு மடிப்பாகச் சுற்றிச் செல்வது தட்டுப்படும். மாட்டைப் படுக்க வைத்து உருட்டித் திருகலை எடுக்கும் முறை உண்டு என்றாலும், எந்தப் பக்கம் திருகியிருக்கிறது என்று அறியாமல் உருட்டினால் திருகல் இன்னும் இறுகும். ஆகவே அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அதிகப் பால் தரும், பல ஈற்று கண்ட மாடுகளில் இரத்தத்தில் கால்சியம் குறைந்து கருப்பை சுருங்கும் வலிமையை இழப்பதும் உண்டு. அந்த மாடு சோர்ந்து, காது குளிர்ந்து, முக்காமல் படுத்திருக்கும். முதல் கட்டத்தின் அறிகுறிகள் தொடங்கி 12 மணி நேரம் கடந்தும் முக்கல் வரவில்லை என்றாலோ, தொடங்கிய முக்கல் அப்படியே அடங்கிவிட்டது என்றாலோ, மாடு ஓய்வெடுக்கிறது என்று எண்ணிக் காத்திராதீர்கள்.

இனி கையை விட்டுப் பார்ப்பது பற்றிப் பார்ப்போம். நகங்களை வெட்டி, மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி, தோள்வரை நீளும் கையுறை அணிந்துகொள்ளுங்கள். ஈற்று நீரிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதால் கையுறையைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம்; கருவுற்ற பெண்கள் கால்நடைகளின் ஈற்றுக்கு, அதிலும் ஆடுகளின் ஈற்றுக்கு, உதவப் போகவே கூடாது. வாலை ஒருபுறமாகக் கட்டி, மாட்டின் பிறப்புறுப்பையும் சுற்றுப்புறத்தையும் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் கரைசலால் துடைத்துவிடுங்கள். உள்ளே வழுவழுப்புக்குச் சோப்பைப் பயன்படுத்தினால் பாதையின் இயற்கையான வழுவழுப்பு கழுவப்பட்டு, சவ்வு காய்ந்து வீங்கும். கால்நடை மருத்துவத்துக்கென்று உள்ள களிம்பு அல்லது லிக்விட் பாரஃபின் நல்லது. விரல்களைக் குவித்து, மாடு முக்காத இடைவெளியில் மெதுவாக உள்ளே செலுத்துங்கள். முக்கும்போது கையை அசைக்காமல் வைத்திருங்கள்.

உள்ளே கண் உதவாது, கைதான் பார்க்க வேண்டும். முதலில் ஒரு குளம்பைப் பிடித்து, அங்கிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டே செல்லுங்கள். குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே திசையில் மடங்கினால் அது முன்னங்கால். எதிரெதிர்த் திசையில் மடங்கி, அடுத்த மூட்டின் பின்புறம் கூரான குதியெலும்பு தட்டுப்பட்டால் அது பின்னங்கால். உள்ளங்குளம்பு கீழ்நோக்கியிருந்தால் பெரும்பாலும் கன்று நேராக வருகிறது என்றும், மேல்நோக்கியிருந்தால் பின்புறமாக வருகிறது என்றும் கொள்ளலாம் என்றாலும், மல்லாந்து கிடக்கும் கன்று இந்த அடையாளத்தைப் பொய்யாக்கும். ஆகவே மூட்டுகளையே நம்புங்கள். பிறகு அந்தக் காலிலிருந்து தோள் வரை சென்று, மார்பைக் கடந்து, மற்றக் காலுக்கு இறங்கி வாருங்கள். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்தால், இரட்டைக் கன்றுகளில் ஒன்றின் காலையும் மற்றொன்றின் காலையும் சேர்த்துக் கட்டி இழுக்கும் விபத்து நேரக்கூடும். ஆடுகளில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கடைசியாகத் தலை எங்கே என்று பாருங்கள். இயல்பான ஈற்றில் நீட்டிய இரண்டு முன்னங்கால்களின் மேல் முகவாய் படிந்திருக்கும். வாய்க்குள் விரலை விட்டால் கன்று சப்பும், குளம்புகளின் இடுக்கைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்ளும். அப்படி எதுவும் செய்யாவிட்டாலும் கன்று இறந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள், நேரம் கடந்த ஈற்றில் சோர்ந்துபோன கன்று உயிரோடிருந்தும் அசையாமல் இருக்கும்.

உங்கள் கிடாரிக்கு நேர்ந்ததுபோல இரண்டு கால்கள் இருந்து தலை இல்லையென்றால், கால்களை இழுக்கவே கூடாது. மாறாக, முக்கலின் இடைவெளியில் கன்றின் மார்பில் கை வைத்து அதைக் கருப்பைக்குள் பின்னோக்கித் தள்ளி, இடம் உண்டாக்கி, முகவாயையோ கீழ்த்தாடையையோ உள்ளங்கையால் பற்றித் தலையைப் பாதைக்குத் திருப்ப வேண்டும். கால் ஒன்று மடங்கியிருந்தாலும் இதே விதிதான். அப்போது குளம்பை உள்ளங்கைக்குள் முழுவதுமாக மூடிக்கொண்டு நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது கருப்பைச் சுவரைக் கிழித்துவிடும். இவற்றைப் பழகாதவர் முயல்வதற்கு நான் ஓர் எல்லை வைக்கிறேன். உள்ளே இருப்பது என்ன நிலை என்று உங்கள் கைக்குப் புரியவில்லை என்றாலும், புரிந்தும் பதினைந்து இருபது நிமிட முயற்சியில் நிலை மாறவில்லை என்றாலும், அதற்கு மேல் தொடராதீர்கள். நீண்ட நேரம் குடைந்த பாதை வீங்கிவிடும். பிறகு வரும் மருத்துவருக்குக் கை நுழையவே இடம் இருக்காது.

கால்கள் இரண்டும் தலையும் சரியாக வந்து, கன்று சற்றுப் பெரியது என்பது மட்டுமே தடையாக இருக்கும்போதுதான் இழுப்பது உதவியாகும். அப்போதும் கன்று அந்த வழியாக வரக்கூடியதா என்பதை முதலில் அறிய வேண்டும். தலை இடுப்பெலும்பு வளையத்துக்குள் நுழைந்த நிலையில், முன்னங்கால்களின் கணுமூட்டுகள் பிறப்புறுப்புக்கு வெளியே ஒரு கையகலம் வருமானால் தோள்கள் வளையத்துக்குள் நுழைந்துவிட்டன என்று பொருள், கன்றை எடுத்துவிடலாம். இரண்டு பேர் முறையாக இழுத்தும் அந்த அளவுக்கு வரவில்லை, அல்லது கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுகின்றன என்றால், தோள்கள் பாதைக்குப் பெரியவை. மூன்றாவது நான்காவது ஆளைச் சேர்ப்பதற்குப் பதிலாக மருத்துவரை அழையுங்கள். உயிருள்ள கன்றை வயிற்றின் இடப்புறம் அறுவை செய்து எடுப்பது, மாட்டை நிற்க வைத்தே, இடத்தை மரத்துப்போகச் செய்து செய்யப்படும் நன்கு பழகிய சிகிச்சை. அதைக் கடைசிப் புகலிடமாக ஒத்திப்போட்டு, கன்றும் இறந்து தாயும் துவண்ட பின் கேட்பதுதான் அதை ஆபத்தாக்குகிறது.

கட்டுவதற்குக் கொதிநீரில் போட்டெடுத்த, மென்மையான, சற்றுத் தடித்த பருத்திக் கயிறு வேண்டும். கணுமூட்டுக்கு மேலே ஒரு சுருக்கும், மூட்டுக்குக் கீழே ஒரு அரைமுடிச்சும் போட்டால் விசை இரண்டு இடங்களில் பரவி எலும்பு முறியாமல் காக்கும். முடிந்தால் மாட்டை வலப்புறமாகப் படுக்க விடுங்கள். மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, அது ஓயும்போது நீங்களும் ஓயுங்கள். முதலில் ஒரு காலைச் சற்று, பிறகு மற்றக் காலைச் சற்று என்று மாற்றி மாற்றி இழுத்தால் தோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். தலை வெளியே வந்ததும் நேராக இழுப்பதை விட்டு, தாயின் குதிகால்களை நோக்கிக் கீழ்வாக்கில் இழுக்க வேண்டும். மார்பு வந்த பிறகு இடுப்பு சிக்கிக்கொண்டால், தாயின் இடுப்பு வளையம் மேலும் கீழுமாக நீண்டும் கன்றின் இடுப்பு குறுக்காக அகன்றும் இருப்பதே காரணம். கன்றின் உடலைக் கால் சுற்று திருப்பினால் வழி கிடைக்கும். வண்டியிலோ டிராக்டரிலோ கயிற்றைக் கட்டி இழுப்பது எந்தச் சூழலிலும் கூடாது. பின்புறமாக வரும் கன்றில் பாதை நன்றாகத் திறக்கும் வரை பொறுமையாக இருக்கலாம். ஆனால் அதன் இடுப்பு வெளியே வரத் தொடங்கிய பிறகு தாமதிக்கக் கூடாது, ஏனெனில் தலை இன்னும் உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி அழுந்தி, கன்று அங்கேயே மூச்சிழுக்கத் தொடங்கிவிடும்.

ஊசி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து. பாதை திறந்து, கன்று சரியான நிலையில் இருந்து, கருப்பை மட்டும் சோர்ந்திருக்கும்போது மருத்துவர் அதை அளவறிந்து தருவார். மடங்கிய தலையோ திருகிய கருப்பையோ திறக்காத கருப்பை வாயோ இருக்கும்போது அதைப் போட்டால், வழியில்லாத இடத்தை நோக்கிக் கருப்பை கன்றை நெருக்கும். கருப்பை கிழியலாம், கன்று மூச்சுத் திணறி இறக்கலாம். உங்கள் கிடாரிக்கு அன்றிரவு அந்த ஊசி போடப்பட்டிருந்தால் தாயையும் இழந்திருக்கக்கூடும். உள்ளே கை விட்டுப் பார்க்காத எவரும் அந்த ஊசியைப் போட அனுமதிக்காதீர்கள்.

கன்று வந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, நான்கு கால்களும் அடியில் மடங்க மார்பின் மேல் அமர வைத்து, உலர்ந்த துணியால் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மூக்குத் துளைக்குள் வைக்கோல் துரும்பை விட்டுத் தும்ம வைப்பதும், காதில் குளிர்ந்த நீரை விடுவதும் மூச்சைத் தூண்டும். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்போது கொட்டுவது பெரும்பாலும் வயிற்றுத் திரவம், குடல்களின் எடையோ உதரவிதானத்தை அழுத்தி மூச்சைத் தடுக்கும். தொப்புளை அயோடின் கரைசலில் நனைத்து, 2 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தொடங்கி, 30 கிலோ கன்றானால் முதல் 12 மணி நேரத்தில் 3 லிட்டராவது சேரும்படி பாருங்கள். கடின ஈற்றில் வந்த கன்றின் நாக்கு வீங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட கன்று தானாகப் பால் குடிக்காது, கறந்து புட்டியில்தான் கொடுக்க வேண்டும்.

தாய்க்குள் இன்னொரு கன்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நஞ்சுக்கொடி பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் தானாக விழும். தொங்குகிறதே என்று இழுப்பதும் அதில் கல்லைக் கட்டுவதும் கருப்பையைப் புண்ணாக்கும், சில மாடுகளில் கருப்பையையே வெளியே கொண்டுவந்துவிடும். அப்படிக் கருப்பை வெளித்தள்ளினால் மாட்டை நடக்க விடாமல், கருப்பையைச் சுத்தமான ஈரத்துணியில் ஏந்தியபடி மருத்துவருக்காகக் காத்திருங்கள். இது நிமிடக் கணக்கில் விரைய வேண்டிய அவசரம்.

உங்கள் மாடு மூன்று நாள் எழாமல் கிடந்தது வெறும் களைப்பால் இருக்காது. கன்றின் தோள்கள் பல மணி நேரம் இடுப்பு வளையத்தில் இறுகியிருந்ததால், பின்னங்கால்களுக்குச் செல்லும் நரம்புகள் நசுங்கியிருக்க வேண்டும். தொடைகளை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைகள் செயலிழப்பதால் எழ முயலும்போது கால்கள் அகன்று சறுக்கும். மறுபடி எந்த மாட்டுக்காவது இப்படி நேர்ந்தால், முதலில் கால்சியம் குறைவு இல்லை என்று மருத்துவரைக் கொண்டு உறுதிசெய்து, வழுக்காத தரையில் தடிமனான படுக்கை போட்டு, பின்னங்கால்கள் அகலாதபடி கணுமூட்டுக்கு மேல் ஏறத்தாழ 50 செ.மீ. இடைவெளி விட்டுப் பிணைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். மூன்றே நாளில் உங்கள் மாடு எழுந்தது நீங்கள் நன்றாகப் பராமரித்ததையும் காட்டுகிறது.

ஏழு மாதச் சினையில் உள்ள கிடாரிக்கு இப்போதே செய்யக்கூடியவை உண்டு. சினை ஊசி போட்ட நாளிலிருந்து 280 நாள் கூட்டி, அதற்கு முன்னும் பின்னும் பத்து நாளைக் கவனத்துக்குரியதாகக் குறித்து வையுங்கள். கன்று பெரிதாகிவிடும் என்று பயந்து தீவனத்தைக் குறைக்காதீர்கள். கன்று சிறுப்பதைவிடத் தாய் வலுவிழப்பதுதான் அதிகம் நடக்கும். அதேபோல் கொழுக்க விட்டாலும் இடுப்பறையில் கொழுப்பு சேர்ந்து பாதை குறுகும். கடைசி வாரங்களில் முக்கியத் தீவனத்தை மாலையில் கொடுத்தால் பகலில் ஈனும் வாய்ப்பு கூடும். உதவி கிடைக்கும் நேரத்தில் ஈற்று நடப்பது சிறிய நன்மை அன்று. இரவில் வரக்கூடிய மருத்துவர் யார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்றை இழந்த மாட்டை மீண்டும் சினைப்படுத்தலாம். தலை மடங்கியது அந்தக் கன்று கிடந்த நிலையால் வந்தது. அது அடுத்த ஈற்றிலும் தொடர்வதில்லை, மாடும் அதற்குள் இன்னும் வளர்ந்திருக்கும். ஆனால் கடின ஈற்றுக்குப் பின் கருப்பையில் சீழ் தங்குவது சாதாரணம் என்பதால், முதல் பருவத்திலேயே அவசரப்படாமல், குறைந்தது 60 நாள் கடந்த பிறகு மருத்துவர் கருப்பையையும் இடுப்பெலும்பையும் சோதித்துச் சரி என்று சொன்ன பின் ஊசி போடுங்கள். அப்போது, எடை குறைந்த கன்றுகளைத் தரும் காளையின் விந்தாகக் கேட்டு வாங்குங்கள். இடுப்பெலும்பில் முறிவு ஆறிய புடைப்போ, பாதையில் தழும்பு இறுக்கமோ தென்பட்டால் அந்த மாட்டைச் சினைப்படுத்த வேண்டாம்.